திங்கட்கிழமை மேடு

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் எரிச்சல்தான் வரும். பதில் சொன்னால் அடுத்து என்ன கேட்பார்கள் என்பது தெரியும். கடல் தண்ணீர் எவ்வளவு புளிக்கிறது என்று அளக்கிறேன் என்பேன். கடல் கரிக்கத்தானே செய்யும், புளிக்கவா செய்யும் என்பார்கள். முத்தையாபுரத்தில் என் வீட்டுக்கு எதிரே கடை வைத்திருக்கிற அண்ணாச்சி, பால் பாக்கெட்டை எடுத்துக் கொடுக்கும்போதே தொடங்கிவிடுவார்.

"என்னம்மா, இன்னைக்குக் கடல் தண்ணியில ரசம் வைக்கலாமா?"

"வைங்க அண்ணாச்சி. வச்சு நீங்களே குடிங்க."

அது நாக்குக்குத் தெரிகிற புளிப்பு இல்லை. உலகம் முழுக்க எரிகிற எண்ணெயும் நிலக்கரியும் விடுகிற கரியமில வாயுவில் ஒரு பங்கைக் கடல் விழுங்குகிறது. விழுங்க விழுங்கத் தண்ணீரில் அமிலத்தன்மை கூடும். சிப்பியும் சங்கும் பவளமும் சுண்ணாம்பில் ஓடு கட்டிப் பிழைக்கிற உயிர்கள். தண்ணீர் அமிலப் பக்கம் சாயச் சாய அவற்றுக்கு வீடு கட்டுவது பெரும்பாடாகிவிடும். முத்துக்கும் சங்குக்கும் பேர் போன கரையில் இதை அளக்காமல் வேறு எங்கே போய் அளப்பது? இவ்வளவையும் பால் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. சில்லறையை வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

நான் ஓர் ஆய்வு நிலையத்தில் ஒப்பந்தத்தில் இருக்கிற டெக்னீஷியன். ஊருக்கு எதிரே இருக்கிற தீவு ஒன்றின் பக்கத்தில், மூன்று பாக ஆழத்தில், கடலடியில் நட்ட ஒரு கம்பியில் எங்கள் சென்சார் இருந்தது. இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம் ஒரு பாகம். எங்கள் பக்கத்தில் கடலை அப்படித்தான் அளப்பார்கள். சென்சார் ஒரு டார்ச் லைட் அளவு இருக்கும். அதன் முனையில் ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு கண்ணாடி, அதன்மேல் சாயம் ஏற்றிய மெல்லிய படலம். உள்ளேயிருந்து ஒரு குட்டி விளக்கு அந்தப் படலத்தின் மேல் மினுக்கும். படலம் பதிலுக்கு ஒளிரும். தண்ணீரின் அமிலத்தன்மைக்கு ஏற்ப அந்த ஒளி மாறும். அந்த மாற்றத்தைச் சென்சார் எண்ணாக்கி மேலே இருக்கிற மிதவைக்கு அனுப்ப, மிதவையில் இருக்கிற சிம் கார்டு மணிக்கு ஒருமுறை அதை எங்கள் திரைக்கு அனுப்பும். எண் இறங்கினால் அமிலம் கூடுகிறது, ஏறினால் குறைகிறது. இது மட்டும் நினைவில் இருந்தால் போதும்.

கடலுக்குள் எதைப் போட்டாலும் ஒரு வாரத்தில் பாசி பிடிக்கும், பொடிச் சிப்பி ஒட்டும். அதனால் திங்கட்கிழமைதோறும் படகில் போவோம். குளியாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி, சென்சாரைக் கழற்றிக்கொண்டு மேலே வருவார். மெல்லிய தூரிகையால் பாசியைத் தட்டி, கொண்டுபோன நல்ல தண்ணீரில் அலசி, மறுபடி இறங்கிப் பூட்டிவிட்டு வருவார். கடைசியில் ஒரு படிவம். "மேற்கண்ட வேலை விதிமுறைப்படி என் கண் முன்னால் நடந்தது" என்று அதில் ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கும். அதற்குக் கீழே என் கையெழுத்து.

இப்போது என் மானத்தை வாங்குகிற ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் குடும்பத்தில் தாத்தா, அப்பா, சித்தப்பாமார் எல்லோரும் கடல் தொழில். எனக்கோ படகு ஆடினால் குடல் வாய்க்கு வந்துவிடும். ஓடுகிற படகில் ஒன்றும் செய்யாது. நங்கூரம் போட்டு நின்ற இடத்திலேயே ஆடும் பாருங்கள், அப்போதுதான். குளியாள் இறங்கி ஏறி வேலை செய்கிற அந்த இருபது நிமிஷமும் நான் படகின் மறுபக்கம் தலையைத் தொங்கப்போட்டுக் கிடப்பேன். இஞ்சின் சத்தம் கேட்டதும் முகத்தைக் கழுவிக்கொண்டு, படிவத்தை எடுத்துக் கையெழுத்துப் போடுவேன். படகுக்கார அண்ணாச்சி இதைப் பார்த்துச் சிரிப்பார். "கடக்கரையில பெறந்து என்ன பிரயோசனம், பஸ்ல கூட்டிட்டு வரமுடியாதே" என்பார். அவர் சிரித்தால் பரவாயில்லை, ஆபீசுக்குத் தெரியக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன்.

குளியாள் வேறு யாரும் இல்லை, என் அக்கா வீட்டுக்காரர். அத்தான் பதினேழு வயதில் சங்கு குளிக்கப் போனவர். சங்கு குளிக்கிற ஊரான கீழவைப்பார்க்காரர். மூச்சுப் பிடித்துக் குளித்த காலம் போய், படகில் கம்ப்ரஸரை ஓடவிட்டு, அதிலிருந்து வருகிற குழாயை வாயில் கடித்துக்கொண்டு மணிக்கணக்கில் அடியில் கிடக்கிற காலம் வந்தபோது அதற்கும் போனார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் மேலே வந்தவர் படகில் உட்கார்ந்தார், எழுந்திருக்க முடியவில்லை. இடது கால் மரத்துப் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்து, நாலு மாதம் கம்பு ஊன்றி நடந்து, ஒருவழியாகத் தேறினார். இனிமேல் அந்தக் குழாயைக் கடித்தால் கால் போகும், உயிரும் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா மாதா கோயிலில் போய் அவர் சார்பில் தானே நேர்ந்துகொண்டு வந்தாள். "அவிய இனி கொழாயக் கடிக்க மாட்டாவ மாதாவே" என்று நேர்ந்தாளாம். அவரைக் கேட்கவே இல்லை.

மூன்று பாகம் அத்தானுக்கு விளையாட்டு. ஒரு மூச்சில் போய்வரலாம், காலுக்கும் கேடு இல்லை. நான்தான் மேடத்திடம் பேசி அவரை இந்த வேலையில் சேர்த்தேன். மேடம் எங்கள் திட்டத்தின் விஞ்ஞானி, வேறு ஊரில் தலைமை ஆபீசில் இருக்கிறவர். சொந்தக்காரர்தான், ஆனால் இவரைவிட நல்ல ஆள் இந்தக் கரையில் கிடைக்காது என்று அவரிடம் மறைக்காமல் சொல்லித்தான் சேர்த்தேன்.

ஏழு திங்கட்கிழமை போனது. மேடம் போன் செய்தார்.

"கிராஃபைப் பார்த்தீங்களா?"

பார்த்திருந்தேன். ஒவ்வொரு திங்கட்கிழமை மத்தியானமும் கோடு சட்டென்று மேலே ஏறும். செவ்வாய் முழுக்க மேலேயே நிற்கும். புதன், வியாழனில் மெல்ல இறங்கிப் பழைய இடத்துக்கு வரும். அடுத்த திங்கள் மறுபடி ஏறும். ஏழு வாரமும் ஏழு மேடு, உப்பளத்தில் குவித்து வைத்த உப்பு மாதிரி வரிசையாக நின்றன. புதுச் சென்சார், கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று நானாக ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"கடலுக்குத் திங்கட்கிழமை தெரியாது" என்றார் மேடம். "உங்க டைவர் ஏதோ பண்றார். இல்லைன்னா அடிவரைக்கும் போகாம, பாதி ஆழத்துலயே ஏனோதானோன்னு மாட்டிட்டு வர்றார். இன்னும் ரெண்டு திங்கள் பார்ப்போம். அதுக்குள்ள காரணம் தெரியலைன்னா வெளியூர்ல இருந்து பயிற்சி எடுத்த டைவரை அனுப்புறேன்."

போனை வைத்ததும் எனக்கு வந்த கோபத்தில் முதலில் அகப்பட்டது அத்தான்தான். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் உட்கார்ந்து காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், நேராச் சொல்லுங்க. அடிவரைக்கும் போறீயளா, இல்ல பாதியில திரும்புதீயளா?"

அவர் தேய்த்துக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அக்காதான் குசினியிலிருந்து கரண்டியோடு வந்தாள்.

"ஏளா, கோட்டி புடிச்சிருக்கா ஒனக்கு? யாரப் பாத்து என்ன கேக்க?"

வேலை போகப்போகிறது என்பதை அப்போதுதான் சொன்னேன். அக்காவின் முகம் செத்துவிட்டது. சங்கு குளி தொடங்க இன்னும் சில வாரம்தான் இருந்தது. அத்தானோடு முன்பு போன கம்ப்ரஸர் கூட்டம் தினமும் போன் செய்து, கால்தான் சரியாயிட்டே வாரும் வாரும் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. இந்த வேலை இருக்கிறது என்று சொல்லித்தான் அவர் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தார். இது இல்லையென்றால் அவர் போய்விடுவார். வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிற ஆள் அவர் இல்லை. அக்கா அவருக்காக நேர்ந்துகொண்டது மாதாவுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

அடுத்த திங்கள் வழக்கம்போல நங்கூரம் போட்டோம், வழக்கம்போல நான் மறுபக்கம் கிடந்தேன். இஞ்சின் போட்டதும் திரும்பினேன். அத்தான் என் எதிரே வந்து உட்கார்ந்து, மூடின கையைப் படிவத்தின் மேல் வைத்துத் திறந்தார். ஈர மண். அடியைத் தொட்டவன் ஒரு பிடி மண்ணோடு வருவது குளியாட்களின் பழக்கம். தொடாமல் தொட்டேன் என்று சொன்னால் கையே காட்டிக்கொடுத்துவிடும். அதற்கு மேல் நான் என்ன கேட்பது? எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மண்ணைத் தட்டிவிட்டு எட்டாவது கையெழுத்தையும் போட்டேன். பார்க்காமலேதான் போட்டேன்.

அத்தான் பொய் சொல்லவில்லை என்றால் கடலோ சென்சாரோ சொல்லவேண்டும். ஒவ்வொன்றாகப் பிடித்து உலுக்கிப் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தேன். செவ்வாயும் புதனும் தொழிலுக்குப் போகிற வழியில் அந்த இடத்துத் தண்ணீரை மூன்று பாக ஆழத்திலிருந்து பாட்டிலில் எடுத்து வரும்படி படகுக்கார அண்ணாச்சியிடம் கெஞ்சினேன். காற்றுக்குமிழி இல்லாமல் மூட வேண்டும் என்று நான் மூன்று தடவை சொன்னதும், "அம்மா தாயே, கோயில் தீர்த்தம் மாதிரி கொண்டாரேன், ஆள விடு" என்றார். ஆய்வகத்தில் அந்தத் தண்ணீரில் ஊதாச் சாயம் விட்டு நிறத்தை அளந்தேன். தண்ணீர் சாதாரணமாக இருந்தது. அதே மணியில் சென்சார் மட்டும் மேட்டில் நின்றுகொண்டிருந்தது. ஆக, கடல் ஏறவில்லை.

பிறகு எங்களிடம் இருந்த மாற்றுச் சென்சாரை ஒரு தொட்டிக் கடல் தண்ணீரில் போட்டேன். எடுத்தேன், தூரிகையால் தட்டினேன், அலசினேன், மறுபடி போட்டேன். வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் இதே வேலை. விதிமுறையில் உள்ளபடி ஒரு வரி விடாமல் செய்தேன். மேடு வரவே இல்லை. கோடு தூங்குகிற குழந்தை மாதிரி கிடந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் அந்தத் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு யோசித்தேன். கடலைப் பார்த்தாயிற்று. சென்சாரைப் பார்த்தாயிற்று. விதிமுறையைப் பார்த்தாயிற்று. நான் பார்க்காதது ஒன்றே ஒன்றுதான், என் கண் முன்னால் நடந்தது என்று எட்டுத் தடவை எழுதிக் கொடுத்த அந்த இருபது நிமிஷம்.

ஒன்பதாவது திங்கட்கிழமை. வாந்தி வந்தால் வரட்டும், முகத்தை மட்டும் திருப்பப்போவதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். காலையில் வெறும் வயிறு. வாயில் ஒரு துண்டு இஞ்சி. ஜவுளிக்கடை பிளாஸ்டிக் பை ஒன்றின் காதுகளைக் கழுத்தில் கட்டித் தாடைக்குக் கீழே தொங்கவிட்டுக்கொண்டேன். படகுக்கார அண்ணாச்சி பார்த்துவிட்டு, "குதிரைக்குக் கொள்ளு கட்டுன மாதிரில்லா இருக்கு" என்றார். படகின் நடுவில், அத்தானுக்கு நேர் எதிரே உட்கார்ந்தேன்.

மேற்கிலிருந்து வீசுகிற கச்சான் காற்று ஓயாத நாள். படகு நின்றதும் ஆட ஆரம்பித்தது. அத்தான் இறங்கினார், சென்சாரோடு ஏறினார். தூரிகையால் பாசியைத் தட்டினார், நான் சொல்லிக்கொடுத்தபடி ஒரே திசையில், மெதுவாக. நல்ல தண்ணீரில் அலசினார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதற்குள் நான் ஒரு தடவை பையை நிரப்பிவிட்டேன். கண்ணீர் வழிந்தது, ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை.

அத்தான் இடுப்புப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். வெள்ளைப் பல்பொடி. முகமூடியின் கண்ணாடிக்குள் ஒரு சிட்டிகை போட்டு, எச்சில் துப்பி, விரலால் நன்றாகத் தேய்த்துக் கடலில் அலசினார். மூச்சுக் காற்றில் கண்ணாடி மங்காமல் இருக்கக் குளியாட்கள் செய்கிற வேலைதான். எத்தனையோ பேர் செய்து பார்த்திருக்கிறேன். அதன்பிறகு அவர் சென்சாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இன்னொரு சிட்டிகை. எச்சில். அதே விரலால் அந்த நாணயம் அளவு படலத்தை வட்டம் வட்டமாக, அவ்வளவு பதமாக, பிள்ளைக்குச் சாந்துப் பொட்டு வைக்கிற மாதிரி தேய்த்தார். பனியன் நுனியால் ஒற்றினார். ஊதிப் பார்த்தார்.

"அத்தான்" என்றேன். "என்ன செய்தீய?"

"பொடி போட்டேன்."

"எதுக்கு?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "கடலுக்குள்ள எறங்குத கண்ணாடி எதுவும் பொடி போடாம எறங்கப்படாதுளா. மங்கிரும்லா. பொறவு அது எப்படிப் பாக்கும்?"

"எட்டு வாரமும் போட்டீயளா?"

"மொத நாள்ல இருந்து போடுதேன். நீயே மயங்கிக் கெடப்ப, ஒன்னப் போய்க் கேக்கவா?"

அண்ணாச்சி பின்னாலிருந்து, "நானும்தான் பாத்தேன். கண்ணாடின்னா பொடி போடத்தானே செய்வாவ" என்றார். முப்பது வருஷமாகக் கடலுக்குள் கண்ணாடி கொண்டுபோகிற மனிதர்கள். அந்த வேலையைத் தங்கள் முகமூடிக்குச் செய்கிற அதே அக்கறையோடு என் சென்சாருக்கும் செய்திருக்கிறார்கள். என் விதிமுறைத் தாளில் செய்யவேண்டியது பன்னிரண்டு வரி இருந்தது. செய்யக்கூடாதது ஒரு வரிகூட இல்லை. பல்பொடி போடாதே என்று எழுதவேண்டும் என்பது எந்தப் படித்தவனுக்குத் தோன்றும்?

பல்பொடி என்பது பெரும்பாலும் சுண்ணாம்புத் தூள். அமிலத்துக்கு நேர் எதிரி. அது படலத்தில் அப்பியிருந்தால் சென்சார் கடலை அளக்காது, பல்பொடியை அளக்கும். இரண்டு மூன்று நாளில் நீரோட்டம் கழுவிக் கொண்டுபோனதும் கோடு தானாக இறங்கிவிடும். அன்று கையோடு கொண்டுபோயிருந்த மாற்றுச் சென்சாரைப் பூட்டச் சொல்லிவிட்டு, அதன் கண்ணாடியைத் தொடக்கூட விடாமல் நானே அலசிக் கொடுத்தேன். ஆய்வகத்துக்கு வந்ததும் பழையதைத் தொட்டியில் போட்டேன். அப்படியே மேடு. படலத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் நுண்ணிய கீறல்கள் வேறு.

கண்டுபிடித்துவிட்டேன் என்ற சந்தோஷம் ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. மேடத்துக்கு என்ன எழுதுவது? குளியாள் சென்சாரில் பல்பொடி தேய்த்தார் என்று எழுதினால் அத்தான் அன்றே வெளியே. சென்சார் கோளாறு என்று எழுதினால் அத்தான் இருப்பார், நானும் இருப்பேன், பொய்யான எட்டு வாரமும் கடல் சொன்னதாகக் கணக்கில் இருந்துவிடும். உள்ளதை உள்ளபடி எழுதினால் என் எட்டுக் கையெழுத்தும் பல்லைக் காட்டும். அந்த மாதம்தான் நிரந்தர வேலைக்கு என் பெயரைச் சிபாரிசு செய்து மேடம் கடிதம் அனுப்புவதாக இருந்தது. ஆறு வருஷம் காத்திருந்த கடிதம்.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா உடனே, "மிசினு கெட்டுப் போச்சுன்னு எழுதிரு. அது என்ன, வாயத் தொறந்து இல்லன்னு சொல்லவா போவுது?" என்றாள்.

அத்தான், "எம் மேல போட்டுரு" என்றார். "நான்தான செஞ்சேன். ஒன் வேலைக்குக் கேடு வரப்படாது. அந்தப் பயலுவ கூப்புட்டுக்கிட்டுதான் இருக்கானுவ. ஒரு சீசன் போய்ட்டு வாரேன்."

அக்கா அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவரைப் போகவிடாதே என்று கெஞ்சுகிறாளா, உன்னைக் காப்பாற்றிக்கொள் என்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் மேல் இல்லை, என் மேல். ஒரு மனிதர் தன் காலைப் பணயம் வைக்கிறேன் என்று இவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறார், நான் வாந்தி எடுப்பேன் என்று ஆபீசில் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன்.

"சவத்த விடுங்க ரெண்டு பேரும்" என்றேன். "நான் பேசிக்கிடுதேன்."

வாசலில் நின்றே மேடத்துக்குப் போன் போட்டேன். ஆறவிட்டால் தைரியம் போய்விடும். பல்பொடியைச் சொன்னேன், தொட்டியில் செய்த சோதனையைச் சொன்னேன். அதுவரை அவர் உற்சாகமாகக் கேட்டார். பிறகு, "எட்டு வாரமும் உங்க கையெழுத்து இருக்கே" என்றார்.

"நான் பார்க்கலை மேடம். பார்க்காமலே போட்டேன். படகு நின்னா எனக்கு வாந்தி வரும். அந்த நேரம் முழுக்க மறுபக்கம் கிடப்பேன்."

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு எட்டு வாரம் தாங்கியிருக்கிறது, அதற்கு மேல் என்ன எதிர்பார்ப்பது என்று நினைத்துக்கொண்டேன்.

"முதல் வாரமே சொல்லியிருக்கலாமே."

"வெட்கமா இருந்துச்சு மேடம்."

"டைவர் மேல மட்டும் போட்டிருந்தா நான் நம்பியிருப்பேன், தெரியுமா?"

"தெரியும்."

"சொல்லிக்கொடுக்காததை அவர் செஞ்சிருக்கார். அது சொல்லிக்கொடுக்காதவங்க தப்பு. அவர் இருக்கட்டும். எட்டு வாரத்து எண்களையும் நீங்களே அடிச்சு நீக்கி, காரணத்தை உங்க பேரோட எழுதி அனுப்புங்க. உங்க விஷயம் தனி. அதை நான் யோசிக்கணும்."

அவர் யோசித்த பலன் மறுநாளே வந்தது. ஒரு மெமோ. சிபாரிசுக் கடிதம் அந்த மாதம் போகவில்லை, இன்றுவரை போகவில்லை. எட்டு வாரத்து எண்களை நான் ஒவ்வொரு வாரமாகத் தேர்ந்தெடுத்துச் செல்லாது என்று குறித்தேன். மணிக்கு ஒன்றாக அவ்வளவு எண்கள். அழுகை வந்தது, அழுதேன். பிறகு விதிமுறைத் தாளை எடுத்துப் பதின்மூன்றாவது வரியைத் தமிழில் எழுதினேன். தண்ணீரும் தூரிகையும் தவிர வேறு எதுவும் இந்தக் கண்ணாடியைத் தொடக்கூடாது.

அடுத்த திங்கள் அதே படகு, அதே ஆட்டம், கழுத்தில் அதே மாதிரி ஒரு பை. அத்தான் இடுப்புப் பையைத் திறந்தார். டப்பா இல்லை. முகமூடியை வெறும் கடல் தண்ணீரில் முக்கி மாட்டிக்கொண்டார்.

"அத்தான், ஒங்க கண்ணாடிக்குப் போடலாம். சென்சாருக்குத்தான் கூடாது."

"ரெண்டையும் தொடுதது ஒரே வெரல்தானளா."

"அப்போ கண்ணாடி மங்கிருமே. எப்படிப் பூட்டுவீய?"

"சங்கு தடவுன கைக்குக் கண்ணு எதுக்கு?" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

மேலே வந்தபோது முகமூடிக்குள் வெள்ளையாக ஆவி மூடியிருந்தது. அவர் கண்ணே எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. முன்பு ஒரு மூச்சில் முடிக்கிற வேலை, அன்று பூட்டுவதற்கு மட்டும் மூன்று தடவை இறங்கினார். நான் இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். தலையைத் திருப்பவில்லை. கடைசியில் அவர் வந்து உட்கார்ந்து, கேட்காமலே ஒரு பிடி மண்ணைப் படிவத்தின் மேல் வைத்தார். நான் பார்த்ததற்குக் கையெழுத்துப் போட்டேன்.

செவ்வாய் சாயங்காலம் போனை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு ஓடினேன். கோட்டைக் காட்டினேன். திங்கள் மத்தியானம் எங்கே என்று தேடவேண்டியிருந்தது. பகலில் லேசாக ஏறி, இரவில் லேசாக இறங்கி, கடல் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அத்தான் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். "ஒண்ணுமே இல்லையேளா" என்றார்.

"அதான் அத்தான்."

அவர் போன் அடித்தது. கம்ப்ரஸர் கூட்டத்துக்காரன். குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த அக்காவின் சத்தம் நின்றது. அத்தான் எண்ணெய் படிந்த இடது காலை நீட்டி மடக்கிக்கொண்டே அவன் சொல்வதையெல்லாம் கேட்டார்.

"இல்லடே, நான் வரல" என்றார். "எனக்கு இங்கன ஜோலி கெடக்கு."

குசினியில் மறுபடியும் தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது.